கரட்டடியில் நான் உருவாக்கிய நகர்

எனக்கு யோசனை வருவதற்கு முன்னால் வலது கால் ஆடும். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். கால் ஆடத் தொடங்கியதும் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். ஐப்பசிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது ஆடியது. பக்கத்தில் ஒருவர் கிரிவலம் வந்த களைப்பில் வெறுங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெஞ்சு குலுங்கி அவருடைய டீ வேட்டியில் தளும்பியது.

"பாப்பா, பூமியே ஆடுதும்மா. கொஞ்சம் நிறுத்து."

நிறுத்த முடியாது. எதிரே நான் ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் பக்கவாட்டில் பிரிகிற மண்பாதையில் ஒரு குடும்பம் இறங்கிப் போனது. கணவர் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டி எடுத்தார். அடியிலிருந்து ஓர் அரணை தெறித்து ஓடியது. மனைவி அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடிக் கொடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், கண்ணை மூடிக் கும்பிட்டார்கள், மறுபடியும் கூட்டத்தோடு கலந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கிரிவலம் வருகிறவர்கள் இப்படிக் கல் அடுக்குவது எங்கள் ஊரில் தினப்படி விஷயம். அடுக்கிய கல்தான் வீடு. மனதில் வேண்டிக்கொண்டு அடுக்கினால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. வேறு எங்கேயாவது அடுக்கியிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அது எங்கள் கல்.

'எங்கள்' என்று சொல்வதும் கொஞ்சம் அவசரம்தான். நான் ஒரு சிறிய அறக்கட்டளையில் இருக்கிறேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஒரு மேடம், ஒரு வக்கீல், ஒரு மெடிக்கல் ஷாப்காரர், அப்புறம் நான். நிலம் வாங்கிக் காப்பாற்றுகிற வசதி எங்களுக்கு இல்லை. காட்டுக்கு வனத்துறை இருக்கிறது, ஏரிக்கும் யாரோ ஓர் அதிகாரி இருக்கிறார். தனியார் பட்டாவில் கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற கரட்டுக்கு மட்டும் புரோக்கரை விட்டால் நாதியில்லை. அப்படிப்பட்ட நிலங்களைத் தேடிப் போவோம். நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், நீண்ட காலக் குத்தகையாக எங்களுக்குப் பதிவு செய்து கொடுங்கள், பாறையை உடைக்காமல், மனை போடாமல் அப்படியே வைத்திருக்கிறோம் என்று கேட்போம். பெரும்பாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த டீக்கடைக்காரரும் டீ கொடுத்தார், ஆனால் அனுப்பவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் கரடு அவர் அப்பா வழியில் வந்தது. உசிலையும் காரையும் சூரைமுள்ளும் மண்டிய சின்னப் பாறைக் குன்று. ஏர் பட்டதே இல்லை. "அதுல எங்க அப்பன் ஆடு மேய்ச்சான், நான் அதுகூட மேய்க்கல. எடுத்துக்கோங்க, தை மாசம் எழுதிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். எங்கள் அறக்கட்டளையின் வரலாற்றில் ஒருவர் இவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. தை வரைக்கும் அவர் மனம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதாவது, யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். எதுவும் செய்யாமல் இருப்பது என் கைக்கு வராத ஒரே வேலை.

அதற்கு முன்பே சில சாதனைகள் புரிந்திருந்தேன். கரட்டில் இருந்த செடிகளுக்கெல்லாம் பெயர் எழுதிய அட்டை கட்டினேன். ஆடுகள் செடியை விட்டுவிட்டு அட்டையைத் தின்றன. பறவை பார்க்க ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். அதில் இப்போது காலை வணக்கமும் சாமி படமும் மட்டும் வருகின்றன. மேடம் இதற்கெல்லாம் என்னைத் திட்டியதில்லை. "நல்ல எனர்ஜிம்மா உனக்கு" என்பார். அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

மேடம் அந்த நேரம் கரட்டின் அடியில் குனிந்திருந்தார். பௌர்ணமி தோறும் வந்து, யாத்திரிகர்கள் புரட்டிப் போட்ட கற்களைப் பழையபடி குப்புற வைப்பது அவர் வழக்கம். ஒரு கல்லுக்குக் கீழே கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை நம்பித் தேள், பூரான், அரணை, பெயர் தெரியாத சின்னத் தவளை எல்லாம் கோடையைத் தாண்டும். கல்லைப் புரட்டினால் அன்றைக்கே காக்கை வந்துவிடும். மேடம் புரட்டிய கல்லைத் திருப்பி வைப்பார்; அடுக்கிய கல்லை மட்டும் தொட மாட்டார். ஏன் தொடுவதில்லை என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

ஓடிப் போய் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"மேடம், அவங்களுக்கு கல்லு தானே வேணும்? நாமளே கொடுத்துடலாம். ரோட்டோரமா ஒரு குவியல் கொட்டிட்டா யாரு கரட்டுக்கு ஏறப் போறாங்க?"

"எந்தக் கல்லு?"

"குவாரில உடைச்சு ஒதுக்கி வெச்சிருக்காங்களே, அது."

மேடம் நிமிர்ந்தார். "அந்தக் குவாரி அதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?"

நான் யோசித்தேன். "கரடு" என்றேன்.

"ம்" என்றார் மேடம். மறுபடியும் குனிந்துவிட்டார்.

"ஏற்கெனவே உடைச்சது தானே மேடம். ஒரே ஒரு டிராக்டர்."

"கொஞ்சமா வெச்சுப் பாரு. ரொம்ப கொஞ்சமா."

எனக்கு 'வெச்சுப் பாரு' மட்டும் கேட்டது.

கரட்டுக்கும் மண்பாதைக்கும் நடுவே ஒரு சமதளத் துண்டு உண்டு. புல்கூடச் சரியாக முளைக்காத மொட்டை இடம். சும்மா கிடக்கிறது என்று நானே தீர்மானித்துவிட்டேன். கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது போய், "அண்ணா, அந்த முன்பக்கத்துல கொஞ்சம் கல்லு கொட்டிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"நம்ம கரட்டைக் காப்பாத்தத்தான்."

"கொட்டிக்கோ, கொட்டிக்கோ. யாரும்மா அங்க, சக்கரை கம்மியா கேட்டது?"

அனுமதி கிடைத்துவிட்டது. நான் கேட்டது ரெண்டு கூடைக் கல் என்று அவர் நினைத்திருக்கிறார். டிராக்டர் வந்து டிப்பரைத் தூக்கியபோது கடையில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் கிணுகிணுத்தன. அவர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அடுத்தது பலகை. இங்கேதான் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறியியல் படித்தேன். இப்போது வேங்கிக்கால் வீட்டு மாடியில் உட்கார்ந்து மெத்தைக்கும் பாதாமுக்கும் முடி உதிராத எண்ணெய்க்கும் விளம்பர வரிகள் எழுதுகிறேன். ஒருவருக்குத் தேவையே இல்லாத பொருளை நாலு வரியில் வாங்க வைக்கத் தெரியும். சொந்த வீடோ, எல்லாருக்கும் தேவையான பொருள். கை சும்மா இருக்குமா?

'சொந்த வீடு வேண்டுமா? உங்கள் முதல் கல் இங்கே காத்திருக்கிறது. நம்பிக்கையோடு அடுக்குங்கள்.' இதைத் தகரப் பலகையில் பெரிய எழுத்தில் எழுத வைத்தேன். கீழே சிறிய எழுத்தில், கரட்டில் உள்ள கற்களை எடுக்க வேண்டாம், அவற்றின் அடியில் சிறு உயிர்கள் வாழ்கின்றன என்று போட்டேன். பலகையை நட்டுவிட்டு, எப்படி அடுக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக நானே ஒன்றை அடுக்கினேன். தட்டையான அடிக்கல், மேலே ரெண்டு சுவர், அதன்மேல் ஒரு கூரை. மாதிரிதானே என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சட்டென்று ஒரு வேண்டுதலும் வைத்தேன். தை மாதம் கையெழுத்து விழ வேண்டும். பகுத்தறிவைப் பற்றி அப்பாவோடு கல்லூரிக் காலம் முழுவதும் சண்டை போட்டவள் நான். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு ஊரே மனிதத் தலைகளாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கூட்டம் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். கரட்டில் ஒரு கல் அசையவில்லை. குவியலைக் காணோம். அந்தச் சமதளம் முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள். 'சும்மா கிடந்த இடம் மேடம்' என்று எழுதி மேடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன், கூடவே ஒரு கிரீடப் பொம்மையும். 'கடையில கேட்டியா?' என்று வந்தது, கேட்டேன் என்று போட்டேன். கரட்டைக் காப்பாற்றியாயிற்று. இதை மற்ற ஊர்களிலும் செய்யலாம், ஒரு திட்ட அறிக்கை எழுதலாம், என்னை எங்கேயாவது பேச அழைப்பார்கள். கால் ஆடியது.

மார்கழி பிறந்த பிறகு கூட்டம் குறைய வேண்டும். குறையவில்லை. பௌர்ணமி இல்லாத நாளிலும் கார்கள் வந்து மண்பாதையில் நின்றன. யாரோ ஒருவர் பலகைக்கு முன்னால் நின்று பேசிய ரீல்ஸ் என் அம்மாவின் போனுக்கே வந்தது. "நான் இங்க மூணு கல்லு தான் வெச்சேன். அடுத்த வாரமே லோன் பாஸாயிடுச்சு. பாருங்க, போர்டே சொல்லுது, நம்பிக்கையோடு அடுக்குங்கள்!" அவர் பின்னால் என் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. கீழ்வரி தெரியவில்லை. பலகைக்குச் சந்தனமும் குங்குமமும் பூசியிருந்தார்கள், சிறு உயிர்கள் அதற்கடியில் போய்விட்டன. பலகையின் காலடியில் கற்பூரம் ஏற்றிய கரி. பூ விற்கிற அம்மா ஒருவர் தன் கூடையைப் பாதையிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீயும் வெக்கறியாம்மா? செருப்ப அங்கயே கழட்டிட்டு வா" என்றார். கழற்றினேன். வேறென்ன செய்ய?

கடைக்காரர் மட்டும் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "பாப்பா, பாலு பத்தல போ! உன் கால் பட்ட நேரம்!" என்று ஸ்பெஷல் டீ போட்டுக் கொடுத்தார். என் காலைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் மனிதர்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் புரோக்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கரட்டைப் பார்த்தார், கல் வீடுகளைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, இது சாதா இடம் இல்ல. பவர் இருக்குது. எந்திரிச்சதும் ஜன்னல்ல மலை தரிசனம். மொத்தமா கொடுங்க, கரட்டை நான் தட்டி சமமாக்கிக்கறேன். நகருக்குப் பேரு கூட ரெடி."

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். புரோக்கர் என் பக்கம் திரும்பினார்.

"போர்டு யாரு எழுதினது? நீங்களா? செமயா இருக்குங்க. இதையே எங்க நோட்டீஸுக்குப் போட்டுக்கலாமா?"

என் எழுத்துக்கு அதுவரை கிடைத்த பாராட்டுகளில் மனதார வந்தது அது ஒன்றுதான்.

அவர் போன பிறகு, "அண்ணா, நம்ம பேசினது..." என்று இழுத்தேன். கடைக்காரர் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "நான் மாத்திப் பேசலம்மா. வீட்ல தான் ஒரு பிரச்சினை. நீ உள்ள போய் அண்ணிகிட்ட பேசு" என்றார்.

கடைக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட ஓர் அறை. அங்கேதான் அவரும் அண்ணியும் ரெண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எத்தனை டீ குடித்திருக்கிறேன், ஒரு தடவையும் உள்ளே போனதில்லை. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"ஏம்மா, அந்த முன்பக்கத்து எடம் எதுக்குனு எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

"அண்ணாகிட்ட கேட்டேன் அண்ணி. கொட்டிக்கோனு..."

"அவரு டீ ஆத்தும்போது கிட்னிய கேட்டாலும் எடுத்துக்கோனு சொல்வாரு. மேடத்துக்குத் தெரியும். வக்கீலுக்குத் தெரியும். கரடு உங்களுக்கு, முன்பக்கம் எங்களுக்குனு தானே பேசினது? தை பொறந்ததும் அங்க தானே கடக்கால் போடப் போறோம்? இந்த ஷீட்டுக்கு அடியில எத்தினி வெயில் காலம் வெந்துட்டேன் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சு நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வாட்ஸப் குழுவுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து மேஸ்திரி அளக்க வந்தாரு. வந்து பாத்துட்டு, கயித்தைக்கூட பிரிக்காம திரும்பிட்டாரு. இன்னா சொன்னாரு தெரியுமா? அடுத்தவங்க வீட்டை இடிச்சுட்டு உங்க வீட்டைக் கட்டச் சொல்றியாம்மா, எனக்குப் புள்ள குட்டி இருக்குதுன்றாரு."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அடுக்கிய கல்லை யாரும் கலைக்க மாட்டார்கள். மேடம் கலைக்காததும் அதனால்தான். வைத்தவருடைய வீட்டுக் கனவு அது. தட்டிவிட்டால் பாவம் தட்டிவிட்டவருக்கு. அண்ணியின் வீடு வர வேண்டிய இடத்தில், வேறு யார் யாருடைய வீடுகளையோ வரிசையாகக் கட்ட வைத்துவிட்டிருந்தேன். புரோக்கர்களோடு சண்டை போடப் புறப்பட்டவள், எந்தப் புரோக்கரும் செய்யாத வேகத்தில் ஒரு நகரையே போட்டுவிட்டேன். அங்கீகாரம் பெற்ற மனைகள், உடனடி குடியேற்றம்.

"புரோக்கரு இப்படியே எடுத்துக்கறேன்றான்" என்றார் அண்ணி. "அவன் ஜேசிபி விட்டுப்பான், பாவம் அவனோட போவும். நாங்க வேற எங்கனா ஒரு மனை வாங்கிட்டுப் போறோம். நீ இடத்தைக் காலி பண்ணிக் குடுத்தா கையெழுத்து. இல்லாட்டி தை முடியறதுக்குள்ள அவனுக்கே குடுத்துடுவோம். எனக்கு வீடு வேணும் பாப்பா. அவ்ளோதான்."

எதிரே இருப்பவர் பேராசைக்காரர் என்றால் எனக்குப் பேச வரும். மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். அண்ணி கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

முதலில் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். இதெல்லாம் வெறும் கல் என்று விளக்கினேன். "வெறும் கல்லுனா நீயே எடும்மா" என்றார். நியாயம். பிறகு பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கோயிலின் பூசாரியிடம் போனேன். பரிகாரம் ஏதாவது இருக்குமே, ஒரு தேங்காய் உடைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் தாடியைத் தடவினார்.

"பரிகாரம் இருக்குதும்மா. ஆனா அவசரப்படாத."

"ஏன் சாமி?"

"என் கல்லும் அங்க இருக்குது."

மறுநாள் விடிந்ததும் நானே போனேன். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு (ஏன் கழற்றினேன் என்று கேட்காதீர்கள்) முதல் வரிசையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல் இருந்தவை கிட்டத்தில் அப்படி இல்லை. ஒன்றுக்கு மாடி இருந்தது. ஒன்றுக்குச் சுற்றிலும் பொடிக்கல்லில் காம்பவுண்டு சுவர். ஒரு வீட்டு வாசலில் குழந்தை விளையாடும் பிளாஸ்டிக் கார் நின்றது. இன்னொன்றில் பெரிய வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு சின்ன வீடு. மாமியாருக்காக இருக்கலாம், மாமியாரிடமிருந்து தப்பிக்கவும் இருக்கலாம். கையை நீட்டினேன். மாடிக் கல்லின் மேல் விரல் பட்டது. எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். படித்த பெண்ணால் மூன்று கல்லை நகர்த்த முடியவில்லை என்றால் இந்த நாடு எப்படி முன்னேறும் என்கிற அளவுக்குப் போனேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார்.

"நல்ல வேளை எடுக்கல."

"நீயுமா?"

"இந்த வீடு எப்பிடி வந்துச்சுனு நெனச்ச? உங்கப்பா பி.எஃப்.லயா? நீ வயித்துல இருக்கும்போது சுத்தி வந்து வெச்சேன். அதை எவளாவது உன்னை மாதிரி வந்து கலைச்சிருந்தா, நீ இன்னிக்கு வாடகை வீட்ல உக்காந்து நிலத்தைக் காப்பாத்திட்டு இருப்ப."

எங்கள் தெருவுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, முள்ளுக்காடு. சாயங்காலமானா கௌதாரி கத்தும்" என்றார் அம்மா, சட்னியைத் தள்ளி வைத்தபடி.

நான் தினமும் கௌதாரிக்காக உட்கார்ந்து உருகும் மேசை, ஒரு கௌதாரியின் இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் கரடு போகவும் கூடாது. முழுதாக ஒரு பகல் கால் ஆடவே இல்லை. அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தோல்வியை ஒப்புக்கொள்ள மேடத்தையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மேஸ்திரியும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் என் அம்மா சொன்னதைச் சொல்லி, என்னால் கலைக்க முடியாது, மன்னித்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அண்ணி இடுப்பில் கைவைத்துக் கல் வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, கடக்கால் குழியை ரொப்ப ஒரு லோடு கல்லு வேணும்னியே?"

"ஆமா. கம்மியா போட்டா ஒரு லோடு."

"அவங்க எல்லாம் இன்னாத்துக்கு வெச்சாங்க?"

"வீட்டுக்குத்தான்."

"அப்ப வீட்லயே போய் சேரட்டுமே. நான் இடிக்கலயே. எடுத்து கடக்காலுக்குள்ள போடறேன். கனவுல இருக்கறதைவிட நெஜ வீட்ல இருக்கறது அதுங்களுக்கும் நல்லது தானே? எனக்கும் ஒரு லோடு கல்லு மிச்சம்."

கடைக்காரர் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை. மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் கூச்சமாக, "அப்பிடினா என் கல்லை மட்டும் ஈசானி மூலையில வெச்சுக்கறேன்" என்றார்.

"நீயுமா வெச்ச?" என்றார் அண்ணி.

"ஊருக்கெல்லாம் கட்டறேன், எனக்கு வேணாமா?"

மேடம் சிரித்ததை நான் முதல்முறையாகச் சத்தத்தோடு கேட்டேன். நான் உற்சாகமாகி, "சூப்பர் அண்ணி! இதை ஒரு போர்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"போர்டா?" நாலு பேரும் ஒரே குரலில்.

நிபந்தனைகள் அங்கேயே பேசி முடிக்கப்பட்டன. ஜேசிபி கூடாது, ஒவ்வொன்றையும் கையால் எடுத்து, கும்பிட்டு, குழியில் இறக்க வேண்டும். முதல் கல்லை எடுக்கப் போவது நான். ஏதாவது தோஷம் என்றால் என் தலையோடு போகட்டும் என்பதில் எல்லாருக்கும் கருத்து ஒற்றுமை. கடைசிக் கல் குழியில் இறங்கிய மறுநாள் கரட்டுக்குக் கையெழுத்து. பலகையைப் பிடுங்கிவிட வேண்டும். அடுத்த பௌர்ணமிக்குக் கல் தேடி வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை மேடம் யோசிப்பார். நான் யோசிக்கவே கூடாது. இது தீர்மானமாகவே போடப்பட்டது.

மேடம் ஒரு நிபந்தனை கூடுதலாக வைத்தார். மழைக்காலம் முழுக்க அந்தக் கற்கள் அங்கே ஈரத்தில் கிடந்திருக்கின்றன. இந்நேரம் ஒவ்வொன்றின் அடியிலும் யாராவது குடிவந்திருப்பார்கள். ஒரு கல்லை எடுக்கும் முன் கீழே பார்த்து, இருப்பவரைப் பிடித்துக் கரட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் கல் குழிக்குப் போக வேண்டும். "ஒண்ணு விடாம" என்றார். நான் இந்த இடத்தைச் சும்மா கிடக்கிற இடம் என்று சொன்னதை அவர் மறக்கவில்லை.

மார்கழியில் கடக்கால் போட மாட்டார்கள். அதனால் தை முதல் ஞாயிறு விடிகாலை என்று நாள் குறித்தாயிற்று. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி, மூடியில் ஆணியால் காற்றுக்குத் துளை போட்டிருக்கிறேன். தோல் கையுறை, இடுக்கி, டார்ச் தயார். அம்மாவும் வருகிறாராம். நான் கலைக்கிறேனா, எடுக்கிறேனா என்று நேரில் பார்க்க வேண்டுமாம்.

எந்தக் கல்லில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்வதில்தான் சிரமமாக இருந்தது. மாடி வீட்டில் கைவைக்கத் தைரியம் இல்லை, கார் நிற்கிற வீட்டிலும் இல்லை. கடைசியில் பலகையை ஒட்டி நிற்கும் மாதிரி வீட்டிலேயே ஆரம்பிக்கப் போகிறேன். அதைக் கட்டினவளிடம் அனுமதி வாங்கும் தொல்லை இல்லை. அவள் வேண்டிக்கொண்ட கையெழுத்தும் இன்னும் விழவில்லை, அதனால் குழிக்குள் இறக்கும்போது இன்னொரு தடவை நினைவுபடுத்திவிடலாம் என்றும் இருக்கிறது.

நேற்று டார்ச் அடித்து அதன் அடியில் எட்டிப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்தேள், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதலில் அதை வாளிக்குள் வரச் சொல்லிப் பார்க்க வேண்டும்.